வர வேண்டாம் என்று ஒரு தந்தி

புரட்டாசியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது அமலோற்பவத்துக்கு அந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் வரப்பில் நின்றபடியே கூப்பிட்டார். அவள் சேற்றுக் கையை வாய்க்காலில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். ராணுவ முத்திரை குத்திய கவர். உள்ளே புருஷன் அடைக்கலசாமியின் சாய்ந்த கையெழுத்து.

‘மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக எழுதியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்களாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன்.’

மூன்று தடவை படித்தாள். பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்து, "என்னடி, அண்ணனா?" என்றாள்.

"வராராம். ஒரேயடியா வந்துடுறாராம்."

கல்யாணமாகி ஆறு வருஷம். அவன் லீவில் வந்து இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. போன டிசம்பர் சண்டையில், கிழக்கு எல்லையில், கண்ணிவெடி அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிற்று. அதன்பிறகு ஆஸ்பத்திரி. அப்புறம் புனேயில் செயற்கைக்கால். இப்போது அதே புனேக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து, கம்பளியும் பூட்ஸும் எண்ணிக் கொடுக்கிற வேலை. கால் போனபிறகு அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் எப்படி நடக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது.

கடிதம் வந்த நான்காம் நாள் அவள் தஞ்சாவூருக்குப் போக வேண்டியிருந்தது. பண்ணை நிலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் சட்டம் இன்னும் வாசல் வரைக்கும்தான் வந்திருந்தது. கூலி கேட்டுக் கொடி பிடித்தவர்களின் குடிசைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போவதாகப் பண்ணைக் காரியக்காரர் கோவிந்தராசு சொல்லிக்கொண்டு திரிந்தார். அமலோற்பவமும் கொடி பிடித்தவள்தான். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்று ஒரு தாள் இருந்தால் தாசில்தார் மனுவைச் சீக்கிரம் பார்ப்பார் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள். அதற்காக, ஐந்து வயது மகள் அருள்செல்வியை அம்சவல்லியிடம் விட்டுவிட்டு, திருவாரூர் போய் ரயிலேறினாள்.

முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மீரா சாகிப். அவரும் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் நீட்டிய கடிதத்தைப் படித்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஏம்மா, ‘சொந்த விருப்பத்தின் பேரில்’னு எழுதியிருக்காரே. கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டாருங்க. கிறிஸ்துமஸுக்கு வராரு."

"எத்தனை வருஷ சர்வீசு?"

"அறுபத்தொண்ணு தையில சேந்தாருங்க."

அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "உக்காருங்க தாயி" என்றார். அவர் அப்படிச் சொன்னதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஊனத்துக்குன்னு ஒரு தொகை உண்டு. சர்வீசுக்குன்னு ஒரு பென்ஷன் உண்டு. ரெண்டும் வேற வேற. உங்க வீட்டுக்காரரு பதினஞ்சு வருஷம் முடிச்சு, காலக்கெடு வந்து அவங்க அனுப்பி வெச்சாங்கன்னா, ரெண்டையும் சேத்து ஒரே புஸ்தகத்துல ஆயுசுக்கும் தருவாங்க. அவருக்கப்புறம் உங்களுக்கும் ஒரு பங்கு வரும். ஆனா இவரா எழுதிக் குடுத்துட்டு வந்தாருன்னா கால் போனதுக்கு உள்ளது அதோட போச்சு. சர்வீசும் பதினஞ்சு ஆகலை. ஏதோ கொஞ்சம் கையில குடுத்து அனுப்பிடுவாங்க."

"கால் போனது போனதுதானுங்களே? இவரா வந்தா என்ன, அவங்களா அனுப்புனா என்ன?"

"நீங்க கேக்குறது நியாயம். ரூலு அப்படி இல்ல."

"இன்னும் எத்தனை நாளுங்க?"

"மூணு வருஷமும் மூணு மாசமும்."

அவள் தலையைக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் நடவுச் சேறு இன்னும் கறுப்பாக இருந்தது. ஒற்றைக் காலோடு வருகிறவன் எந்த வயலில் இறங்குவான்? தன் ஒருத்தி கூலியில் மூன்று வயிறு. அதுவும் கோவிந்தராசு வேலைக்குக் கூப்பிட்டால்தான்.

"மனுவைத் திரும்ப வாங்க முடியுங்களா?"

"மேல போறதுக்குள்ள வாங்கலாம். கடுதாசி போட்டா நாளாயிடும். தந்தி குடுங்க."

அவரே இங்கிலீஷில் எழுதித் தந்தார். மனுவைத் திரும்பப் பெறவும், வர வேண்டாம், கடிதம் பின்னால். தபால் ஆபீஸ் ஜன்னலில் அந்தத் தாளை நீட்டியபோது அவள் கை வெகுநேரம் அதை விடவில்லை. உள்ளே இருந்தவர், "விடும்மா" என்று இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கடிதமும் எழுதினாள். சாகிப் சொன்னதை வரிசையாக எழுதினாள். பதினைந்து வருஷம், இரண்டு தொகை, ஒரே புத்தகம். குழந்தை சுகம். மழை பரவாயில்லை. அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை. எழுத நிறைய இருந்தது. ஆனால் அவனை அவளுக்குத் தெரியும். பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், அவன் ரூலையும் பென்ஷனையும் தூக்கியெறிந்துவிட்டு ரயிலேறிவிடுவான். அதனால் சர்க்கார் கடுதாசி மாதிரி ஒரு கடுதாசி எழுதி ஒட்டினாள்.

பதில் ஒரே வரியில் வந்தது. ‘மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன்.’

அதற்கப்புறம் கடிதம் இல்லை. மாதாமாதம் மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. அதன் கீழே நாலு வரி எழுத இடம் உண்டு. முன்பெல்லாம் அந்த இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுவான். இப்போது வெறுமையாக இருந்தது. அவள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கிறிஸ்துமஸுக்கு லீவிலாவது வருவான் என்று வீட்டுக்குச் சாணி மெழுகி வைத்திருந்தாள். மாதா கோவிலில் நடுராத்திரிப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன மற்றப் பையன்கள் பெட்டி படுக்கையோடு வந்து நின்றார்கள். அவன் வரவில்லை.

"என்னமோ நெனச்சுக்கிட்டாரு அம்சம்" என்றாள்.

"கடுதாசியில என்ன எழுதுன?"

சொன்னாள். அம்சவல்லி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அடிப் பாவி. காலு போனவனுக்கு எழுதுற கடுதாசியா அது? பணம் முழுசா வந்தாத்தான் நீ வரலாம்னு எழுதுன மாதிரியில்ல இருக்கு!"

தை அறுப்பு முடிந்ததும் அமலோற்பவம் வழிச்செலவுக்காகக் காதுத் தோட்டைக் கழற்றினாள். தஞ்சாவூரைத் தாண்டி எங்கேயும் போகாதவள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் போனாள். அங்கிருந்து பம்பாய் மெயில். சாகிப் ஓர் அட்டையில் விலாசத்தை இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதி, கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். வழிநெடுக அதைக் காட்டிக் காட்டியே போனாள். புனேயில் இறங்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

கிடங்கின் வாசலில் காவல்காரன் அட்டையைப் படித்துவிட்டு உள்ளே ஆள் அனுப்பினான். நீளமான தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல். அதன் கடைசியில் அவன் வருவது தெரிந்தது. இடது பக்கம் ஒரு கணம் தாமதித்து, இடுப்பைச் சற்றே தூக்கி வைத்து நடந்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் மனதுக்குள் நடக்கவிட்டுப் பார்த்த எந்த நடையும் அப்படி இல்லை. இதற்காகவா பயந்தோம் என்று இருந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. காவல்காரன் நின்றதால் நின்றாள்.

அவன் பக்கத்தில் வந்து, "யாருக்கு என்ன?" என்றான். சாவுச் செய்தி என்று நினைத்துவிட்டான்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்களப் பாக்கத்தான் வந்தோம்."

"வர வேணாம்னு தந்தி குடுத்தியே."

"உங்களத்தான் வர வேணாம்னேன். நான் வர மாட்டேன்னா சொன்னேன்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒத்தக் காலன வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு நீ நெனச்சுட்டதா எண்ணிக்கிட்டிருந்தேன், அமலு. நெனச்சாலும் தப்பில்லன்னு இருந்தேன்."

"எழுதுனா வந்துடுவீங்கன்னுதாங்க எழுதல. வேற என்னத்தச் சொல்ல" என்றாள். அந்த வெள்ளைக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கும்பகோணத்துக்காரரான ஹவில்தார் மருதையன் தன் குவார்ட்டர்ஸில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். எட்டு நாள் இருந்தார்கள். காய்ச்சல் விட்டதும் அருள்செல்வி அப்பாவின் செயற்கைக்காலை விரல் முட்டியால் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்டாள். அந்தக் காலின் வாரை எப்படி அவிழ்ப்பது, தழும்பில் எங்கே உரசும், எங்கே எண்ணெய் போட வேண்டும் என்றெல்லாம் அமலோற்பவம் கற்றுக்கொண்டாள். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம்கூட அவளுக்கு நீளமாகத் தெரிந்தது.

எட்டாம் நாள் ஸ்டேஷனில் அவன் பெட்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லு. இப்பவே போயி மறுபடி மனு எழுதுறேன். கால் பணமும் வேணாம் ஒண்ணும் வேணாம். கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். சரி என்கிற சொல் நாக்கு நுனியில் இருந்தது. எதிர் ஜன்னலோரம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தந்தியில் சொன்னது இவ்வளவு கஷ்டமாக இல்லை. அப்போது எதிரில் அவன் முகம் இல்லை.

"வேணாங்க. முடிச்சுட்டு வாங்க" என்றாள்.

ரயில் நகர்ந்தது. அவன் கூடவே நாலெட்டு நடந்து பார்த்தான். கால் ஈடுகொடுக்கவில்லை.

அப்புறம் வந்த மூன்று வருஷங்களில் மணியார்டர் துண்டு ஓரமெல்லாம் எழுத்தாக வந்தது. அவன் வருஷம் ஒரு தடவை லீவில் வந்து போனான். போன மறுநாளிலிருந்து அவள் அடுத்ததை நினைக்கத் தொடங்குவாள். ஊரில் ஒரு சம்பா முழுக்கப் பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. இரண்டு தடவை போலீஸ் வந்தது. அமலோற்பவம் ஒரு வாரம் திருவாரூரில் காவலில் இருந்தாள். மனைப் பட்டா வந்தபோது கோவிந்தராசு, "பட்டா வந்து என்ன, வீட்டுல ஆம்பள இல்லியே" என்றார். "இருக்காரு. வருவாரு" என்று மட்டும் சொன்னாள்.

எழுபத்தாறு ஜனவரிக் கடைசியில் அடைக்கலசாமி வந்தான். மீரா சாகிப் சொன்னபடியே ஒரே புத்தகத்தில் இரண்டு தொகையும் இருந்தன. அவன் அதை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

அவன் வந்து எட்டு மாதம் கழித்து ஒரு நாள். நடவு முடிந்தும் கூலித் தகராறில் பெண்கள் களத்தில் நின்றுவிட்டார்கள். பொழுது சாயத் தொடங்கியது. வரப்பில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். அவளைத் தேடி வந்த அடைக்கலசாமி, குறுக்கு வழியென்று நடவு வயலில் இறங்கி, செயற்கைக்கால் முழங்கால் வரைக்கும் புதைந்து நின்றான். அவள் ஓடினாள். இழுத்துப் பார்த்தாள். சேறு விடவில்லை.

"கோவிச்சுக்காத. நேரமாச்சேன்னு..." என்றான்.

"மூணு வருஷம் இருந்தேன். உங்களால மூணு நாழி இருக்க முடியலயா?"

"முடியல" என்றான் அவன். சிரிக்காமல்தான் சொன்னான்.

அவள் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி வாரை அவிழ்த்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பேறினான். அப்புறம் அவள் அந்தச் செயற்கைக்காலை மட்டும் தனியாகப் பிடுங்கி, வாய்க்காலில் கழுவி, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அம்சவல்லியும் மற்றப் பெண்களும் களத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அவன் பாரம் முழுவதும் அவள் தோளில் இருந்தது. வீடு இன்னும் கொஞ்சம் தூரமாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.