ஆறு உருப்படி, ஒரே மூட்டை

என் புருஷன் லா ஹமிருவுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள்தான்: திருடனும் போர்ட்டரும். அதிலும் இருவரும் ஒரே ஆள்தான் என்பது அவர் கட்சி. அதனால் நாங்கள் குடியிருக்கும் அம்போனிலிருந்து எப்போது கப்பல் ஏறினாலும், எத்தனை பை இருந்தாலும், பிளாஸ்டிக் கயிற்றால் வரிந்து கட்டி ஒரே மூட்டையாக்கித் தோளில் தூக்கிக்கொள்வார். அவ்வளவு பெரிய மூட்டையைப் பார்த்தால் எந்தப் போர்ட்டரும் கிட்டே வரமாட்டான் என்று பெருமைப்படுவார். உண்மைதான், நானே கிட்டே போகமாட்டேன்.

இந்தத் தடவை நான் பிறந்த ஊரான பாவ்பாவில் என் தங்கை வா ஹாசியாவுக்குக் கல்யாணம். நாங்கள் இறங்கும் நாளுக்கு மறுநாள் காலையில் நிக்காஹ். எங்கள் வீட்டுப் பெண்கள் காலமான அம்மா நெய்த சாரோங்கைக் கட்டிக்கொண்டுதான் மணப்பெண்ணாக உட்காருவார்கள். கடைசியாகக் கட்டியவள் நான் என்பதால் அது என்னிடம் இருந்தது. அது போய்ச் சேரவேண்டும். எனக்கு வேறு கவலையே இல்லை.

கப்பலில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூட்டை கட்ட ஆயத்தமானார். இரண்டு பெட்டி, ஒரு துணிப்பை, சேகோ மாவு அட்டைப்பெட்டி, கருவாட்டுப் பொட்டலம், தைல கேன். சாரோங் இருந்த துணிப்பையை நட்டநடுவில் வைத்தார், அதுதான் பத்திரமாம். ஒரு பக்கம் கருவாடு, மறுபக்கம் தைலம். தொழுகைக்கு அவர் எழுந்து போன நேரத்தில் சாரோங்கை உருவி, அங்கிக்கு உள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டேன். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வந்தவர் கட்ட ஆரம்பித்துவிட்டார். சொன்னால் எல்லாவற்றையும் அவிழ்த்து, ஏன் எதற்கு என்று கேட்டு, முதலிலிருந்து கட்டுவார். எனக்குத் தூக்கம் வந்தது.

கட்டியதோடு விட்டாரா? தூங்கும்போது எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று, மிச்சக் கயிற்றால் மூட்டையைக் கட்டிலின் இரும்புக் காலோடு பிணைத்தார். முடிச்சுக்கு மேல் முடிச்சு. பாவ்பாவ் வந்தது. அந்த முடிச்சு அவிழவில்லை.

நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். கத்தியை அம்போன் துறைமுக வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குள் ஏணி வழியாகப் போர்ட்டர்கள் திபுதிபுவென்று ஏறிவிட்டார்கள். ஒருவன் நின்று பார்த்து, வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தான்.

"அண்ணே, இதை வச்சா ஒரு நிமிஷத்துல உருகிடும். வைக்கட்டுமா?"

"தொடாத. எனக்குத் தெரியாதா? ஒரு கயிறு போச்சுன்னா மொத்தமும் பிரியும். ஆறு உருப்படிய ஆறு பேரு தூக்கிட்டு ஓடுவீங்க."

போர்ட்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இறங்குகிறவர்கள் இறங்கி, அடுத்த துறைமுகமான மக்காசார் போகிறவர்கள் ஏறி, ஏணியைத் தூக்கப்போவதாக ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்தது. இவர் முடிச்சின் முன்னால் மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நீ இறங்கு. நான் மக்காசார் வரைக்கும் போயிட்டு வரேன். உங்கம்மா சாரோங் இதுக்குள்ள இருக்கு, இத விட்டுட்டு நான் வரமாட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில், போகட்டும், முடிச்சோடு குடும்பம் நடத்தட்டும் என்று தோன்றியது. வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கினேன். ஏணி மேலே போய்விட்டது.

மறுநாள் ஹாசியா சாரோங்கைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தாள். மூட்டைக் கதையைக் கேட்டு விருந்தினர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

சாயங்காலம் மக்காசாரிலிருந்து போன் வந்தது. கட்டில் காலில் இருந்த முடிச்சை மட்டும் எப்படியோ அவிழ்த்துவிட்டாராம், மூட்டையைத் தொடவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கச்சி எதைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், இரவல் சாரோங் என்றேன்.

"என்னாலதான்," என்றார். மனுஷர் அழுகிறார். "உங்கம்மா இருந்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்க? தங்கச்சி கையில கொடுக்கற வரைக்கும் இந்தக் கட்ட நான் பிரிக்கமாட்டேன்."

போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வரும்போது யாரும் சிரிக்கக்கூடாது, சாரோங் விஷயத்தை மூச்சுவிடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தார். துறைமுகத்திலிருந்து வண்டிகூட வைக்காமல், மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருந்தார். நான் சொல்லி வைத்திருந்தபடி வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடல் அழுக்கோடு சாரோங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஹாசியா மடித்த சாரோங்கோடு ஓடிவந்தாள். "அக்கா, சீக்கிரம். மச்சான் வர்றதுக்குள்ள உள்ள திணிச்சிடு."

மூட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். ஓர் இடுக்கு இருந்தால் போதும், துணிப்பைக்குள் தள்ளிவிடலாம். பெட்டிக்கும் கயிற்றுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். சிகரெட் வைத்தால் கயிறு உருகியது தெரிந்துவிடும். கருவாட்டு நாற்றமும் தைல நெடியும் முகத்தில் அடித்தன. இருபது வருஷமாக நான் கேலி செய்த கட்டு, ஒரு நூல்கூட இளகவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஹாசியா சாரோங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"விடு, அது உன்னால ஆகாது," என்று சிரித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சிய முன்னால வரச் சொல்லு. ரெண்டு கையையும் நீட்டச் சொல்லு."