ஏழு குதிரை இஞ்சின்

மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய இஞ்சின் வைக்கலாமா வேண்டாமா என்று ஜியாவுல்லா சாயபு என்னையும் கேட்டார். தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி ஒரு குழி வேலைக்காரனிடம் யோசனை கேட்பது நடக்கிற காரியமில்லை. கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் என் புத்தி பாதி போயிற்று. மீதி பயத்தில் போயிற்று.

பெரிய சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் பெங்களூரில் ஏலம் விட்ட வண்டி அது. நாலு குதிரை சக்தி. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். ஷாப்பில் நாங்கள் அதைத் தொட்டில் என்போம். வியாழக்கிழமைதோறும் முதலாளி ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு போய், கணவாய் ஏறி, மேலே நடக்கிற சந்தையில் பச்சைத் தோல் பிடிப்பார். பேசி முடித்த தோல் பின்னால் மாட்டு வண்டியில் வரும். எட்டு மாதமாக அந்தத் தொட்டிலில் உட்கார்ந்து போனவன் நான்.

உட்கார்ந்து போனேன் என்பது சமவெளியில்தான். கணவாயில் மூன்று வளைவுகளில் வண்டி திணறி நின்றுவிடும். நான் குதித்து இறங்கித் தள்ள வேண்டும். என்னைக் குழியிலிருந்து தூக்கித் தொட்டிலில் வைத்தது அதற்காகத்தான். ஷாப்பிலேயே தோள் அகலமானவன் யார் என்று கோதண்டபாணி மேஸ்திரியை முதலாளி கேட்டாராம். அவர் என்னைக் காட்டினார். மற்ற நாட்களில் வண்டி துடைப்பதும் வந்த தோலை இறக்கி அடுக்குவதும் என் வேலை.

அதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழி. மயிர் கழலுவதற்காகத் தோலை ஊறவைக்கிற குழி அது. தொடை மட்டும் அந்தத் தண்ணீரில் நின்று, ஊறிய தோலை இடுக்கியால் கவ்வி இழுத்துக் கரையில் போட வேண்டும். கால் விரலிடுக்கில் பொத்தல் விழும். எட்டு மாதம் காலில் சுண்ணாம்பு படாததால் என் பொத்தல்கள் ஆறியிருந்தன. என் பெண்சாதி மரியம்மாள் ஒருநாள் என் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, கல்யாணத்தன்னிக்குப் பார்த்த காலு மாதிரி இருக்குது!" என்று சிரித்தாள்.

இந்த நேரத்தில்தான் வேலூர் மெக்கானிக் சாமுவேல் வந்தான். கவிழ்ந்து நொறுங்கிப்போன ஒரு வண்டியின் இஞ்சின் அவன் கைக்கு வந்திருந்தது.

"ஏழு குதிரை, மொதலாளி. இந்த வண்டிச் சட்டத்துலயே உக்காரும். கணவாய்ல நிக்கவே நிக்காது" என்றான்.

"சட்டம் தாங்குமா?"

"தாங்கும். பிரேக்கு மட்டும் மாத்தணும்."

முதலாளி தாடியைத் தடவினார். மேல்விஷாரம் தோல் வியாபாரி அப்துல் சமத் ஒரு மோட்டார் கார் வாங்கி, இரண்டு வாரமாகச் சந்தைக்கு அவருக்கு முன்னால் போய் நல்ல தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பேஜார் முதலாளி முகத்தில் தெரிந்தது.

"நீ இன்னாடா சொல்றே, சவுரி? தள்றவன் நீதானே?"

பெரிய இஞ்சின் வந்தால் தள்ள ஆள் எதற்கு? எனக்கு ஓடிய கணக்கு அது ஒன்றுதான். "இருக்கிறதே போதும் மொதலாளி. போன வாரம் நான் சும்மா கைதான் வச்சேன். அதுவா ஏறுது" என்று சொல்லிவிட்டேன்.

சாமுவேல் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முதலாளி, "சரி. இந்த வியாழன் நீ தொடாதே. வளைவு வந்தா எறங்கிப் பின்னாடி நடந்து வா. தானா ஏறிடுச்சுன்னா இஞ்சின் வேணாம். ஏறலைன்னா சாமுவேலுக்கு ஆள் அனுப்புறேன்" என்று முடித்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வண்டி ஏற வேண்டும். நான் தள்ளினது தெரியவும் கூடாது.

தெரியாமல் தள்ளுவது எனக்குக் கஷ்டமில்லை. குழியில் எங்களுக்குப் படிந்துபோன பழக்கம் அது. ஒருவன் தோலை இழுக்கும்போது முக்கினாலோ, கரையேறி வாயால் மூச்சு வாங்கினாலோ மேஸ்திரியின் காது அங்கேதான் இருக்கும். "கெழவனாயிட்டே போல" என்பார். அடுத்த வாரம் அவன் மயிர் அலசுகிற பொம்பளைகளோடு பாதிக் கூலிக்கு உட்கார்ந்திருப்பான். அதனால் எங்களில் யாருக்கும் மூச்சுச் சத்தம் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்காலேயே விட்டுக்கொள்வோம்.

வியாழக்கிழமை முதல் வளைவில் வண்டி இரைந்தது. "எறங்கு!" என்றார் முதலாளி. இறங்கினேன். தூசுக் கண்ணாடி மாட்டியவர் முன்னால் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்திருந்தார். நான் குனிந்து தொட்டிலுக்குப் பின்னால் தோளைக் கொடுத்தேன். இஞ்சின் சத்தம் செத்துச் செத்துப் பிழைத்தது. சாகப்போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இரண்டாவது வளைவில் புகைக்குழாய் முன்கையைச் சுட்டது. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது வளைவில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. உச்சியில் வண்டி நின்றபோது, ஒன்றுக்குப் போகிறவன்போலப் புதர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கால் மூச்சை ஒழுங்கு பண்ணினேன்.

"தொட்டியாடா?"

"இல்லீங்க மொதலாளி. நடந்துதான் வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "மூச்சுகூட வாங்கலியே நீ. சபாஷ்!" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். என்னை அல்ல, வண்டியைத்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இஞ்சின் வராது. வீட்டுக்குப் போனதும் மரியம்மாளிடம் சொன்னேன். சுட்ட இடத்துக்கு அவள் எண்ணெய் போட்டாள்.

திங்கட்கிழமை கோதண்டபாணி மேஸ்திரி கூப்பிட்டார். "சவுரி, நாளையிலேருந்து நீ குழிக்கு வந்துடு."

"ஏனுங்க? வியாழக்கிழமை சந்தை இருக்குதே?"

"மொதலாளி தனியாத்தான் போறாராம். நீ எறங்கினவுடனே வண்டி பறக்குதாம். இத்தினி நாளா வண்டிக்குப் பாரமே நீதான்னு சொல்றாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நல்லாத்தான் தின்னு வளத்து வச்சிருக்கே ஒடம்பை!"

நான் நேராக முதலாளி வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் யாரோ விருந்தாளியிடம் கணவாய் ஏறின கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, அன்னிக்கு நான் தள்ளினேன். மூணு வளைவுலயும் தள்ளினேன்."

"அரே! கேட்டப்போ தொடலைன்னியே?"

"பொய் சொன்னேனுங்க. இதோ பாருங்க, கை சுட்டிருக்குது."

"சுட்டிருந்தா அன்னிக்கே கத்தியிருப்பே. கணவாய் முச்சூடும் தள்ளினவன் மூச்சு வாங்காம நிப்பானா? குழிக்குப் போக மனசில்லாம கதை கட்டுறே." விருந்தாளியும் சிரித்தார். "போ போ, வேலையைப் பாரு."

மறுநாள் குழியில் இறங்கினேன். ஆறின கால் தோல் இளசாக இருந்ததால் முன்னைவிட எரிந்தது. மரியம்மாள் அன்று என் காலைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

வியாழக்கிழமை முதலாளி தனியாகப் போனார். முதல் வளைவிலேயே இஞ்சின் நின்று, வண்டி பின்னால் உருண்டு, ஓரக்கல்லில் மோதியது. அவருக்குக் கணுக்கால் பிசகியது. தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை அப்துல் சமத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, சந்தையையும் முடித்துவிட்டு, கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். அந்த உபகாரம்தான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை கட்டுப் போட்ட காலோடு குழிக்கரைக்கு வந்தார். எல்லோர் எதிரிலும் என்னைக் கேட்டார். "நெஜமாவே தள்ளினியாடா?"

"ஆமாங்க."

"மொதல்ல பொய் சொன்னே. அதனால என் காலு போச்சு, சந்தை போச்சு. வேற எவனா இருந்தா இன்னிக்கே வெளிய தள்ளியிருப்பேன். குழிக்கு ஆள் கிடைக்கலை, பொழச்சே."

அவர் சொன்னதில் எது பொய், எது நிஜம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. தோலை இழுத்துக் கரையில் போட்டேன்.

பத்து நாளில் சாமுவேல் ஏழு குதிரை இஞ்சினைப் பூட்டிவிட்டான். ஷாப்பு வாசலில் ஓட்டிக் காட்டினான். அதன் சத்தத்தில் குழித் தண்ணீர்கூட அதிர்ந்தது. போய்த் திரும்பி வந்தவன் குழிப்பக்கம் பீடி பற்றவைக்க ஒதுங்கினான். என்னைக் கண்டதும், "இன்னா சவுரி, நீ இங்க இருக்கே?" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவன் பீடியை உதட்டிலிருந்து எடுத்தான்.

"அட பைத்தியமே! பெரிய இஞ்சின் வந்தாத்தான் உனக்கு எடம் நிச்சயம். வேகமா எடது பக்கம் திரும்பினா வெறும் தொட்டில் அந்தரத்துல தூக்கும். வண்டியே கவிழும். இந்த இஞ்சினே அப்படிக் கவிழ்ந்த வண்டியோடதுதான். உள்ள எப்பவும் ஒரு ஆள் கனம் வேணும். அன்னிக்கு மொதலாளி கிட்டே அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கிட்டே."

"இப்பச் சொல்லேன்பா. உன் பேச்சைக் கேப்பாரு."

அவன் போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், மேஸ்திரியைப் பார்த்துத்தான் சொன்னான். "கனம் வேணும்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாரு. ஆனா ஆள்னா திரும்பி வரும்போதும் ஆளுதானேன்றாரு. மணல் மூட்டைன்னா மேல கொட்டிட்டு, அந்த எடத்துல தோல் ஏத்திக்கிட்டு வரலாமாம்."

"எத்தினி மணல்?" என்றார் மேஸ்திரி.

"அவன் இருக்கிற எடைக்கு இருந்தாப் போதும்."

என்னைக் கரையேறச் சொன்னார்கள். தோல் நிறுக்கிற பெரிய தராசின் ஒரு தட்டில் ஏறப்போனேன். "ஈர வேட்டியோட ஏறாதே, எடை தப்பாக் காட்டும்" என்றார் மேஸ்திரி. அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு ஏறிக் குந்தினேன். எதிர்த் தட்டில் கோணியை வைத்து, பாலாற்று மணலை முறம் முறமாகக் கொட்டினார்கள். நான் தரையை விட்டு எழும்பியதும் நிறுத்திக்கொண்டார்கள். மேஸ்திரி கொஞ்சம் யோசித்து, கடைசி முறத்திலிருந்து இரண்டு கை மணலை எடுத்துக் கீழே போட்டார்.

"இன்னும் எளைப்பான்" என்றார்.

கோணி வாயை என்னையே தைக்கச் சொன்னார்கள். தைத்தேன். தொட்டிலில் தூக்கி வைத்ததும் நான்தான்.