அரைக் கட்டை மேலே

என் கணவர் வாசித்தது ஒரு நிமிடம்கூட எங்கும் பதிவாகவில்லை என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போட்டோக்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் கன்னம் உப்பியிருக்கும்.

வார நாட்களில் அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், நான்கு பேர் கொண்ட ஜாஸ் குழுவில், ட்ரம்பெட் வாசித்தார். ஜாஸ்காரர்களுக்குப் பொதுவான பழைய பாட்டுகள் சில உண்டு. மெட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். நடுவே ஒருவர் மட்டும் தன் கற்பனைக்கு வாசிக்கும் சோலோவில்தான் ஆள் யாரென்று தெரியும். அப்படி ஒரு பாட்டின்மேல் அவருக்குப் பைத்தியம். அதையே வெவ்வேறு ஆட்கள் வாசித்த ரெக்கார்டுகளாகத் தேடித் தேடி வாங்குவார். ஒரு வரி கேட்பார், ஊசியைத் தூக்குவார், வாயால் பாடிப் பார்ப்பார், பிறகு ஊதுவார். தப்பினால் நாக்கால் ‘ச்’ என்பார். சமையலறையில் காய் நறுக்கியபடி அந்த ‘ச்’களை நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ரெக்கார்டு பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடும். அது எங்களுக்குத் தெரியாது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும் என்பதால், நான்கு வருடம் வீட்டில் அவர் கற்றதெல்லாம் அரைக் கட்டை மேலே இருந்தது. முதல் தடவை ஓட்டலில் அதை வாசித்ததும் பியானோக்காரர் கையை எடுத்துவிட்டாராம். தாளத்தை எப்போதும் முந்துவதால் குழுவில் அந்தப் பியானோக்காரருக்கு ‘அவசரம்’ என்று பெயர்.

“யோவ், உங்க வீட்டு மெஷினுக்கு எங்கயாவது ட்ரெயின் பிடிக்கணுமா?”

“இதை நீ கேக்கறியா?” என்றாராம் இவர்.

விரல்களில் படிந்துபோனதை மாற்ற முடியவில்லை. கடைசியில் குழு முழுவதும் அரைக் கட்டை ஏறி அவரிடம் வந்தது. உலகத்தில் யாரும் அந்தப் பாட்டை அந்தச் சுருதியில் வாசிப்பதில்லை என்று அவசரம் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

இவர் போய் இரண்டு மாதம் கழித்து அவசரம் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணி, ஒரு சனிக்கிழமையை அவருக்காக வச்சுக்கலாம்னு ஓட்டல்ல சொல்லிட்டாங்க. புதுசா ஒருத்தர் ட்ரம்பெட்டுக்கு வந்திருக்கார். அண்ணனோட சோலோவை அப்படியே வாசிக்கணும்னு ஆசை. ஆனா மனுஷன் ஒரு வரிகூட எழுதி வைக்கலையே.”

“கடைக்குப் போனாலே லிஸ்ட் எழுத மாட்டார் தம்பி. இதையா எழுதப் போறார்?”

“சரி, அவர் எங்கேருந்து எடுத்தாரோ அங்கேருந்தே நாமளும் எடுப்போம்.”

பிளேயரைத் திறந்து வேகத்தைச் சரி செய்தார். கொண்டுவந்திருந்த சின்ன ஊதுகுழலால் சுருதி பார்த்தார். பிறகு மதிய நேரங்களில் பதினொரு ரெக்கார்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். எனக்குச் சுரம் எழுதத் தெரியாது. ஆனால் அந்த சோலோ மனப்பாடம். “இது இவர் வாசிப்பார்” என்று நான் சொன்னதும் அவசரம் எழுதிக்கொள்வார்.

அந்த மதியங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவருடையது என்று நான் நினைத்திருந்த ஒவ்வொரு வரிக்கும் வேறொரு சொந்தக்காரர் கிடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, தவிர மிச்சம் எல்லாம் கிடைத்துவிட்டது. நடுப்பகுதியின் கடைசி நான்கு பார் அவை. வீட்டில் அவர் எப்போதும் தடுக்கி விழும் இடம். ஓட்டலில் அங்கே ஒரே சுரத்தை நீட்டிச் சமாளித்துவிடுவார். எதைப் பிடிக்கப் போனார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டும் என்றிருந்தது. மற்றதெல்லாம் ஊரார் சொத்து என்றால், அந்த நான்கு பாராவது அவருடையதாக இருக்கக்கூடும்.

அவர் வழக்கமாக வாங்கும் பழைய ரெக்கார்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெகுநேரம் குடைந்து ஒன்றை எடுத்தார். நடுவிலிருந்த வட்டத் தாளில் எழுத்தே இல்லை.

“வாசிச்சது யாருன்னு போடலம்மா. ஆனா அந்தப் பாட்டு இருக்கு. சாருக்குன்னுதான் எடுத்து வச்சேன். அவர்தான் வரல.”

மறுநாள் மதியம் அதைப் போட்டோம். முதல் வரியிலேயே அவசரம் ஊதுகுழலை வாயில் வைத்துப் பார்த்தார். பிளேயரின் வேகத்தைப் பார்த்தார். வேறொரு ரெக்கார்டைப் போட்டு, மறுபடி இதைப் போட்டார்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு அண்ணி. இந்த ஆளு அரைக் கட்டை மேல வாசிக்கிறான்.”

நடுப்பகுதி வந்தது. ட்ரம்பெட் அந்தக் கடைசி நான்கு பாருக்குள் நுழைந்தது. சில சுரங்கள் இறங்கியது. தடுக்கியது. பிறகு, மைக்குக்கு மிக அருகில், ‘ச்’ என்று ஒரு சத்தம். பியானோவும் தாளமும் மட்டும் மிச்சத்தை நிரப்பின. அடுத்த பகுதியில் ட்ரம்பெட் ஒன்றுமே நடக்காததுபோல் சேர்ந்துகொண்டது.

நான் அவசரத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

“தப்பு பண்ணினதை எவனாவது ரெக்கார்டா போடுவானா?” என்றார் அவசரம். “சரி, ஆறு சுரமாவது கிடைச்சுது. இன்னொரு தடவை போடுங்க, சரி பாத்துக்கறேன்.”

போட்டேன். அவர் பென்சில் நின்றது. ஒன்று சேர்த்து எழுதினார்.

“ஏழு. முன்னாடி விட்டுட்டேன் போல.”

மூன்றாவது தடவை எட்டு. எட்டாவது சுரம் முழுசாக, உருண்டையாக வந்தது. அதற்குப் பிறகுதான் ‘ச்’. நானும் எண்ணினேன். எண்ணிப் பழகிய காது எனக்கு.

அவசரம் எழுதியதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலால் காலி இடங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இது எங்க போய் இறங்கும்னு தெரியுது அண்ணி. அடியில பியானோ போற போக்கைப் பாத்தா மொத்தம் பதினாலு. கடைசி சுரம் என்னன்னு மட்டும் சொல்ல முடியல. ரெண்டு மூணு விதமா முடிக்கலாம்.”

“இன்னும் ஆறு தடவை போட்டா தெரிஞ்சிடும்.”

அவர் நோட்டை மூடினார். வழக்கத்துக்கு மாறாக, மிக நிதானமாக மூடினார்.

“போடாதீங்க அண்ணி.”

“ஏன் தம்பி?”

செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, “அவர் வாசிக்கிறதா நினைச்சுக்கிட்டுப் போடாதீங்கன்னு சொன்னேன்” என்றார். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

போடாமல் இருக்க முடியவில்லை. தினமும் காலையில், வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவை. ஒன்பது. பத்து. பதினொன்றில் நான்கு நாள் நின்றது. அதே இடத்தில் தடுக்கித் தடுக்கி, ஐந்தாம் நாள் தாண்டியது. அந்த நான்கு நாளும் ‘ச்’ கொஞ்சம் பலமாகவே விழுந்தது. ஒருநாள் நான் என்னையறியாமல், “மெதுவாப் போங்க, யாரு துரத்தறா?” என்று சொல்லிவிட்டேன். அறையில் என் குரல் கேட்டுப் பயந்துபோனேன். ஆனால் மறுநாள் ட்ரம்பெட் அந்த இடத்தில் நிதானமாகப் போயிற்று.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் பதின்மூன்று வந்தது.

அவசரம் போன் செய்தார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. “கிடைச்சுதா அண்ணி?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல தம்பி,” என்றேன்.

ஓட்டலில் புது ஆள் நன்றாகவே வாசித்தார். அந்த நான்கு பாரில் ட்ரம்பெட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓரிருவர் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

அந்த ரெக்கார்டு இன்னும் பிளேயரின்மேல்தான் இருக்கிறது. ஒன்பது வருடமாகிறது. தூசி துடைக்கும்போதுகூட ஊசி படாமல் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பதினாலாவது சுரம் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை போட்டால் போதும்.

ஆனால் அவரை எனக்குத் தெரியும். ஒரு வரி சரியாக வந்துவிட்டால், ட்ரம்பெட்டுக்குள் தேங்கிய தண்ணீரை வடித்து, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்.