எதிர்க்கடைக்காரன் ஊற்றிய ஆயில்

வெள்ளிக்கிழமை, பர்வேஸ் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில்தான் லோகநாதன் சாரின் பைக் துளசிங்கத்தின் பட்டறைக்கு வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு. சாருக்குக் காட்டாங்குளத்தூர் காலேஜில் லேப் வேலை, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. எதிரே பர்வேஸ் மெக்கானிக் கடை போட்ட மாதமே அந்தப் பக்கம் தாவியவர். தாவியதோடு விடாமல், தினமும் இவனைப் பார்த்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போவார்.

இன்ஜினில் கடகடவென்று சத்தம் வருகிறது என்றார். ஸ்டார்ட் செய்ததுமே துளசிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது, செயின் கவரில் ஒரு போல்ட் லூஸ். முடுக்கினால் தீர்ந்தது. ஆனாலும் சாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தட்டை வைத்து ஆயிலை இறக்கினான். இன்ஜினின் மேல்மூடியையும் கழற்றினான். பர்வேஸின் குறை ஒன்று அதற்குள் இருந்தே ஆக வேண்டும் என்று தேடினான்.

ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தான். ஒரு பொடிகூட உறுத்தவில்லை. காந்தத்தை விட்டுத் துழாவினான், இரும்புத்தூள் ஒட்டவில்லை. எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, உள்ளே வால்வைத் தள்ளும் கேம் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. இவன் பார்த்துக்கொண்ட வண்டிகள் நாற்பதாயிரத்திலேயே புகை விட்டிருக்கின்றன. 'இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும் சார்' என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவன் இவன்தான். பர்வேஸோ ஒவ்வொரு தடவையும் தேதி எழுதி, சைடு மூடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். தான் கட்டிய வீட்டில் இன்னொருவன் பேர்ப்பலகை மாட்டியதுபோல் துளசிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

சார் திரும்பி வந்தபோது வாய் தானாகவே சொல்லிவிட்டது: "ஆயில் சரியில்ல சார். உள்ள தேஞ்சுகினு வருது. இப்டியே ஓட்னா ஆறு மாசத்துல இன்ஜின் போயிடும்."

சாரின் முகம் சுருங்கியது. அங்கேயே போனை எடுத்து, பர்வேஸைக் கூப்பிட்டு, துளசிங்கத்துக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அவன் சொன்னதை அப்படியே சொன்னார். சண்டைக்கு வருவான் என்று துளசிங்கம் காத்திருந்தான். வந்தால் ஒரு கை பார்க்கலாம்.

"துளசிங்கம் அண்ணன் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அவரு சொல்ற மாதிரி செஞ்சிடுங்க." குரல் தணிந்திருந்தது. "அண்ணா, அந்த ஆயில மட்டும் கொட்டிடாதீங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னு பாத்துக்கறேன். தொழுக முடிஞ்சிடுச்சு, இதோ வந்துட்டேன்."

அந்தப் பணிவும் சுட்டது. அதுவும் தனக்கு வராத ஒன்று.

ஆயிலைத் தொட்டுப் பார்த்தாலே பர்வேஸுக்குப் பொய் தெரிந்துவிடும். தட்டு காலடியில் இருந்தது. இரண்டடியில் சாக்கடை. கால் தவறியதுபோல் ஒரு தட்டு தட்டினால் போதும். சார் பக்கத்திலேயே நின்று, கழற்றிப் போட்ட மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பர்வேஸ் வந்து நின்றான். தலையில் தொப்பியை இன்னும் எடுக்கவில்லை. தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி கடந்ததும் இடைவெளியில் அவன் தெரிந்தான். கடக்க முடியாமல், ஒரு காலை ரோட்டில் வைத்தபடி.