ஒரு பிளஸ்

"மிஸ், சோடியத்துல இருந்து எலக்ட்ரான் போனா குறையத்தானே செய்யும்? பொறவு எதுக்குப் பிளஸ் போடுதோம்?" என்று அன்று கேட்டாள் உப்பளத் தொழிலாளியின் மகள் இசக்கிசெல்வி.

"ஏலே, உப்பளத்துக்காரி உப்புக்கே கணக்குப் பாக்கா!" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. சட்டென்று விளக்கத் தெரியாத ஸ்டெபி டீச்சரும் சிரித்துவிட்டாள். அதன்பின் அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஸ்டெபியின் கணவன் கப்பல் வேலையில் இருந்தான். வாடகை வீட்டில் பேச ஆளில்லாத அவளுக்கு அந்த மௌனம் புரிந்தது. செபத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பெண்ணின் முகமே வந்தது.

ஒரு மாலை, எல்லோரும் போனபின், ஆசிரியர் அறையில் திருத்துவதற்காக அடுக்கியிருந்த நோட்டுகளில் இசக்கிசெல்வியின் நோட்டைத் தேடி எடுத்து எழுதினாள்: "புரோட்டான் பதினொன்றும் அப்படியே இருக்கும். எலக்ட்ரான் பத்தாகிவிடும். கூடுதலாக நிற்கும் ஒரு புரோட்டானுக்குத்தான் அந்தப் பிளஸ். நல்ல கேள்வி. சிரித்தது என் தப்பு."

நோட்டை மற்றவற்றின் நடுவே செருகிவிட்டு, விளக்கை அணைத்தாள்.