அமாவாசையில் சரிபார்த்த மீட்டர்

அன்றைக்குச் சாயப்பட்டறையின் முன்னறையில் இருந்தவர்கள் நாலு பேர். முதலாளி கலியாணசுந்தரம் மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. ஆர்டர் பார்க்கும் அவர் மகள் இளவரசி ஜன்னலோரம், சாயம் ஓடிய பட்டுப்புடவையை மடியில் போட்டுக்கொண்டு. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சிவராஜ். தொட்டியின் சூட்டைக் காட்டும் மீட்டரைச் செய்து கொடுத்தவன். இருபத்தாறு வருடம் தொட்டி பார்த்த மேஸ்திரி முனிசாமிக்கு யாரும் நாற்காலி போடவில்லை. வாசலோரம் கவிழ்த்திருந்த அண்டாமேல் அவராகவே உட்கார்ந்தார்.

"சூடு பத்தலை மொதலாளி. பத்தலைன்னா சாயம் நூலுக்குள்ள போவாது, மேலாக்கதான் நிக்கும்," என்றார் முனிசாமி.

"மீட்டர் தொண்ணூறு காட்டியிருக்குது மேஸ்திரி. பதிவு இருக்குது," என்றான் சிவராஜ்.

"பம்ப் மோட்டாரைப் போட்டா உன் நம்பரு குதிக்குதுன்னு சொன்னனேபா?"

"அதான் சரி பண்ணிட்டனே."

"அப்ப மிஷினு யோக்கியன், நான் பொய்யனா?"

சிவராஜ் சிரித்துவிட்டான். முதலாளி புடவையைப் பார்த்தபடியே, "சூடு சரின்னா கலவையிலதான் தப்பு" என்று முடித்துவிட்டார். முனிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் கிராமமான தாமலுக்குப் பஸ் ஏறினார். கலவை தெரியாதவர் என்ற பேச்சு அவருக்கு முந்திக்கொண்டு ஊரில் மற்றப் பட்டறைகளுக்கெல்லாம் போய்விட்டது. ஒருவரும் அவரைத் தொட்டியருகே விடவில்லை.

எட்டு மாதம் கழித்து, புது மேஸ்திரி போட்ட அரக்குச் சிவப்புச் சாயமும் அதேபோல் ஓடியது. அப்போதுதான் சிவராஜ், வேலை நடக்கும் நாளில் முதல்முறையாக மீட்டரைத் திறந்து பார்த்தான்.

முதலில் அவன் அதைச் சரிபார்த்தது ஓர் அமாவாசையன்று. ஊரில் தறி ஓடாது, பட்டறைக்கும் விடுமுறை, தொந்தரவு இருக்காது என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். கொதிநீரில் கண்ணாடித் தெர்மாமீட்டரும் அவன் மீட்டரும் ஒன்றாகவே நின்றன. பம்ப் மட்டும் ஓடவில்லை.

மீட்டருக்குள் இருந்த சிப்புக்கு வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. சென்சார் தரும் மின்னழுத்தம், தனக்கு வரும் ஐந்து வோல்ட்டில் எத்தனை பங்கு என்று மட்டும் எண்ணிச் சொல்லும். பம்ப் ஓடினால் அந்த ஐந்து, நாலரையை ஒட்டி இறங்கியது. அளக்கிற கோல் சுருங்க, எண் பெருத்தது. உண்மையில் எண்பத்து மூன்று, மீட்டரில் தொண்ணூறு.

முனிசாமி குதிக்கிறது என்று சொன்னபோது அவன் செய்ததெல்லாம், அறுபத்து நாலு அளவுகளைக் கூட்டிச் சராசரி காட்டியதுதான். குதித்த எண் அதன்பிறகு மெல்ல ஏறியது. பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் சூடாவது போலவே இருந்தது. அவர் கையில் கொடுத்த தடயத்தை அவனே தேய்த்து அழித்திருந்தான்.

மாறாத இரண்டரை வோல்ட் தரும் சின்னச் சிப் ஒன்றை அளக்கிற கோலாக வைத்ததும், பம்ப் ஓடினாலும் நின்றாலும் மீட்டர் சரியாகவே காட்டியது. அரை மணி வேலை.

"இப்ப எதுக்குபா அதைக் கிளறிக்கினு? புது ஆளுதான் வந்துட்டாரே," என்றார் முதலாளி.

சிவராஜ் ஒரு தாளை எடுத்தான்.

"போன்ல சொல்லிட்டா ஆவாதா?" என்றாள் இளவரசி.

"என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டேன்றாரு. எடுத்தாலும், போன்ல சொன்னதை அவரு யார்கிட்ட காட்டுவாரு?"

தவறு எந்தத் தேதியில் தொடங்கியது, எப்படி மறைந்தது, எவ்வளவு சூடு குறைந்தது என்று வரிசையாக எழுதினான். 'கலவையில் தப்பில்லை. தப்பு என் மீட்டரில். நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன்' என்று முடித்துக் கையெழுத்திட்டான். இளவரசி தாளை வாங்கி, கீழே தன் கையெழுத்தையும் போட்டுப் பட்டறை முத்திரையை அழுத்தினாள். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

தபால் நிலையத்தில் உறையை ஒட்டுமுன் இன்னொரு முறை படித்தான். அந்த எட்டு மாதத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை. என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை. ஒட்டினான். உறைமேல் 'சாய மேஸ்திரி முனிசாமி, தாமல்' என்று எழுதிக் கொடுத்தான். கவுண்டர் அம்மாள் தராசு பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுத்து, எடை பார்த்து, முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டாள்.