உப்பு பூத்த பாத்தி

காலை ஏழே முக்காலுக்குத் தபால் நிலையத்தின் பின்னறையில் தபால்காரர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்த ஒவ்வொரு உறையையும் ஒரு தடவை படித்து, திருப்பிப் பார்த்து, மறுபடியும் படித்த பிறகுதான் அந்தந்தத் தெருவுக்கான கட்டத்தில் செருகுவார். கதவு எண்ணில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் போதும், அதைத் தனியே எடுத்துவைத்து, நாலு பேரை விசாரித்து, உரியவர் கையில் சேர்க்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. இருபத்தாறு வருடத்தில் தவறான வீட்டில் ஒரு கடிதம் போட்டார் என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

அதே மனிதர் கைபேசியை எடுத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். அதில் வந்து விழும் எந்தத் தகவலையும் அவர் இரண்டாவது தடவை படித்ததாகச் சரித்திரமே இல்லை. மூட்டு வலிக்குக் கைவைத்தியம், பழைய சட்டையில் மைக்கறை போக்கும் வழி, நாளைக்கு மழை வருமா வராதா என்பது வரை எல்லாவற்றையும் வந்த சூட்டோடு குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுவார். நாற்பத்தொரு பேர் இருக்கும் அந்தக் குழுவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

அன்று குழுவில் அவருடைய அக்கா ஒரு படம் போட்டிருந்தாள். கோஸ் இலை ஒன்று சல்லடையாகக் கிடந்தது. அதன் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு, ஓடில்லாத நத்தை ஒன்று வழவழவென்று படுத்திருந்தது. இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். அக்காவின் மருமகள் உடனே பதில் எழுதியிருந்தாள். தன்னுடைய தோழி தோட்டக்கலை படித்தவள் என்றும், சாயங்காலம் கேட்டுச் சொல்வதாகவும் இருந்தது அந்தப் பதில்.

தபால்காரருக்குச் சுருக்கென்றது. ரேடியோ இருக்கும்போது தோழி எதற்கு? நல்லவேளையாகப் போன மாதம் எங்கிருந்தோ வந்த ஒரு தகவல் அவர் கைபேசியிலேயே கிடந்தது. கல் உப்பைச் செடியைச் சுற்றித் தூவினால் நத்தைத் தொல்லை ஒரே வாரத்தில் ஒழியும் என்றது அது. அதை அப்படியே அனுப்பினார். அனுப்பிய பிறகு பார்த்தால் மொட்டையாகத் தெரிந்தது. கீழே தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். ‘எங்க ஆபீஸ் பின்னாடி தோட்டத்துல நானே செஞ்சு பார்த்தேன். கைமேல் பலன்.’

தபால் நிலையத்தின் பின்னால் மூன்று சைக்கிள்கள் நிற்கும் ஒரு கொட்டகையும், உடைந்த எடை இயந்திரம் ஒன்றும் இருந்தன. புல்கூட முளைக்காத சிமென்ட் தரை.

அக்காவின் பதில் உடனே வந்தது. தம்பியே செய்து பார்த்திருக்கிறான் என்றால் சரிதான், தோழியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மருமகளுக்குச் சொல்லிவிட்டாள். தபால்காரர் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த கட்டுக் கடிதங்களைப் பிரித்தார்.

அக்கா முப்பத்தொரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டே கணக்குத் தப்பாமல் சீட்டுக் கிழித்தவள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றபோது, இனி இவள் வீட்டில் உட்கார்ந்து எப்படிப் பொழுதைத் தள்ளப்போகிறாளோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். அவள் கொல்லைப்புறத்தில் பத்தடிக்கு எட்டடி மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினாள். அதுவரை ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் இல்லை. கோஸ், பீன்ஸ், மிளகாய் என்று வரிசையாக வைத்தாள். முதல் பீன்ஸ் காய்த்த அன்று தெருவில் ஏழு வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுக் காய்தான் இருந்தது.

தம்பியின் சொல்லை அவள் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு, செடியைச் சுற்றிக் கல் உப்பை வட்டமாகத் தூவினாள். முதல் நான்கு நாள் காலையில் நத்தைகள் சுருண்டு செத்துக் கிடந்தன. படம் எடுத்துக் குழுவில் போட்டாள். தம்பியைப் புகழ்ந்து பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். சின்ன மாமா தன் ரோஜாவுக்கும் போடப்போவதாகச் சொன்னார். தபால்காரர் அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

இரண்டாவது வாரம் இலைகளின் ஓரம் பழுத்துக் கருகியது. அக்கா போன் செய்து, செடியெல்லாம் வாடுகிற மாதிரி இருக்கிறதே, உனக்கும் இப்படி ஆயிற்றா என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். தபால்காரர் அப்போது ஒரு வீட்டு வாசலில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பராக்கில் வாயில் வந்ததைச் சொன்னார்.

“ஆமாக்கா, முதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்கும் ஒரு வாரம் வாடித்தான் தேறுச்சு. விடாம போடு.”

அவள் விடாமல் போட்டாள். மொத்தம் ஆறு பாக்கெட் உப்பு. பீன்ஸ் கொடி கயிறு மாதிரிக் காய்ந்து தொங்கியது. மிளகாய் ஒன்றுவிடாமல் சாய்ந்தது. கோஸ் இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் குழுவில் எதுவும் போடவில்லை. தம்பிக்கு மட்டும் போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. “உனக்குப் பலிச்சுது, எனக்குப் பலிக்கலடா. என் கைராசி அப்படி. சீட்டுக் கிழிச்ச கைக்குச் செடி எங்க வரும்? ஞாயித்துக்கிழமை கொத்தனார் வர்றார். அந்த இடத்துக்குச் சிமென்ட் போட்டுட்டா துணியாவது உலர்த்தலாம். நீயும் வந்து கூட இரு.”

மறுநாள் தபால்காரர், தபால் நிலையத்தில் தபால்தலை விற்கும் அம்மாவிடம், யாருக்கோ வந்த சந்தேகம் போலப் பேச்சுக் கொடுத்தார். உப்பைப் போட்டால் நத்தை சாகும், கூடவே மண்ணும் செடியும் சாகும், இதுகூடத் தெரியாதா என்று அந்த அம்மா தலை நிமிராமல் சொல்லிவிட்டாள். தபால்காரருக்குத் தன் மனைவியிடம் சொல்லி அழலாமா என்றுகூடத் தோன்றியது. அக்காவுக்குச் சொல்லலாம் என்று மூன்று தடவை எண்ணைத் தட்டி, மூன்று தடவையும் மணி அடிக்கும் முன் வைத்துவிட்டார். நாற்பத்தொரு பேர் முன்னால் மானம் போகுமே என்ற பயம். அதைவிட, அக்கா ஒருத்தி முன்னால் போகுமே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் மண்வெட்டியோடு வந்துவிட்டார். சிமென்ட் மூட்டை இரண்டு சுவரோரம் இறங்கியிருந்தன. அக்கா காய்ந்த செடிகளைத் தானே பிடுங்கி ஒரு கூடையில் போட்டிருந்தாள். கொத்தனார் மேல்மண்ணில் ஒரு வெட்டு வெட்டினார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“என்னம்மா இது, சுவர்ல உப்பு பூக்குமே, அந்த மாதிரி பூத்திருக்கு. இதுமேல சிமென்ட் போட்டா ஒரே வருஷத்துல பேந்துடும். மண்ணுல உப்பை யாரு கொட்டினது?”

அக்கா தான்தான் போட்டதாகவும், நத்தைக்குப் போட்டதாகவும் சொன்னாள். உப்பினால் செடி போகவில்லை என்று அவளே அடித்தும் சொன்னாள். தம்பி தன் ஆபீஸ் தோட்டத்தில் போட்டுப் பார்த்து, அங்கே எல்லாம் தளதளவென்று வந்ததாம். கோளாறு தன் கையில்தானாம். கொத்தனார் தபால்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய மனிதரைச் சங்கடப்படுத்துவானேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்து மண் ஒவ்வொரு மாதிரி என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டு, மேல்மண்ணை வழித்துவிட்டுச் சிமென்ட் போடலாமா என்று கேட்டார்.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. மண் வேறு, ஆகவே பலன் வேறு. தபால்காரர் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், விஷயம் சிமென்டுக்குக் கீழே போய்விடும். அவர் தலையாட்டத்தான் நினைத்தார். அப்போது அக்கா, சரி, ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் உள்ளங்கைகளை ஒரு தடவை விரித்துப் பார்த்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தபால்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

“அக்கா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. நான் உப்பைப் போட்டுப் பார்க்கவே இல்ல.”

“எங்க போட்டுப் பார்க்கல?”

“எங்கயும் போடல. எங்க ஆபீஸ் பின்னாடி தோட்டமே கிடையாது. சைக்கிள் நிறுத்தற இடம்தான் இருக்கு. எவனோ அனுப்பினதை அனுப்பிட்டு, நானே செஞ்சேன்னு ஒரு வரி சேர்த்தேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். “அப்ப ஒரு வாரம் வாடித் தேறுச்சுன்னு சொன்னியே?”

“அதுவும் பொய்தான்.”

கொத்தனார் சட்டென்று சிமென்ட் மூட்டையின் கட்டைச் சரிபார்க்கப் போய்விட்டார். அக்கா கூடையிலிருந்த காய்ந்த கோஸ் தண்டை எடுத்தாள், மறுபடி போட்டாள். முப்பத்தொரு வருடத்தில் சீட்டு எடுக்காத எத்தனையோ பேரை நடு வழியில் இறக்கிவிட்டவள்தான். தம்பியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் சொன்னாள்: “பத்து நாளா நான் என் கையையே பார்த்துட்டு உக்காந்திருந்தேண்டா.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். தபால்காரர் சொந்த அக்காவின் கொல்லையில், கொத்தனார் இருக்கிறார் என்பதையும் மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுகையைப் பார்த்ததும் அக்காவின் கோபம் பாதி வடிந்தது. மீதி வேலையில் வடிந்தது. இந்த மண் தேறுமா என்று கொத்தனாரைக் கேட்டாள். ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து வெளியே கொட்டிவிட்டு, அடிமண்ணில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் கட்டி உப்பை இறக்கினால் தேறும் என்றார் அவர். சிமென்ட் மூட்டைகளை அவரே தன் அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். வழித்த மண்ணை அள்ளிக் கூடை கூடையாகக் கொத்தனாரின் வண்டியில் ஏற்றியது தபால்காரர். மத்தியானத்துக்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

அதற்கப்புறம் குழுவுக்கு எழுத வேண்டியிருந்தது. சின்ன மாமா வேறு ரோஜாவோடு காத்திருந்தார். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தபால்காரர் தட்டத் தொடங்கினார். அக்கா எட்டிப் பார்த்தாள். அவர் அதை அழித்துவிட்டு எழுதினார்: ‘நத்தைக்கு உப்புப் போட்டு நான் செய்து பார்க்கவில்லை. செய்ததாகப் பொய் சொன்னேன். அக்காவின் செடிகள் என்னால் போயின. யாரும் போட வேண்டாம். போட்டவர்கள் மேல்மண்ணை எடுத்துவிடுங்கள்.’ வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு செய்தியை அனுப்பும் முன் இரண்டு தடவை படித்தார்.

திட்டு வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது. சின்ன மாமா அரைப் பக்கத்துக்குத் திட்டியிருந்தார், ஆனால் அவர் உப்பு வாங்க மறந்துபோனதால் ரோஜா பிழைத்திருந்தது. அதைவிடத் தபால்காரரை உலுக்கியது வேறு. மச்சினி, பெரியப்பா மகன், இன்னும் இரண்டு பேர் தனித்தனியே எழுதியிருந்தார்கள். தங்கள் செடியும் பட்டுப்போனதாம். தங்களுக்குப் பக்குவம் போதவில்லை என்று நினைத்து வெளியே சொல்லவில்லையாம்.

ஒன்றரை மாதம் கழிந்தது. மருமகளின் தோழி சொல்லித் தந்தபடி அக்கா இப்போது காலையில்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். சாயங்காலத்து ஈரம்தான் நத்தைகளை விருந்துக்கு அழைத்திருக்கிறது. சுவரோரம் அடுக்கியிருந்த உடைந்த செங்கல்லையும் பழைய தொட்டியையும் அப்புறப்படுத்தியாயிற்று. பொழுது சாயும்போது பாத்தி ஓரத்தில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து, அடியில் காய்கறித் தோலைப் போட்டுவைப்பாள். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் நத்தைகள் அடியில் கூடியிருக்கும். இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடுக்கி வேலை தம்பியுடையது. புதுக் கோஸ் கன்றுகள் ஆறு இலை விட்டிருந்தன. இரண்டு இலையில் ஓட்டை இருந்தது. இருக்கட்டும், அதுவும் தின்னட்டும் என்று அக்கா சிரித்தாள். தெருவில் யாரோ வழி கேட்டால்கூட இப்போதெல்லாம் உன் தம்பி யோசித்துத்தான் சொல்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்துவிட்டுப் போனாள்.

பதினொன்றாவது நத்தையை வாளியில் போட்டுவிட்டுத் தபால்காரர் நிமிர்ந்தார். இத்தனை நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார். “ஒரே ஒரு வரிதானேக்கா சேர்த்தேன். அது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கவே இல்ல.”

அக்கா சாக்கை உதறி மடித்து வைத்தாள்.

“அந்த ஒரு வரிதாண்டா எல்லாத்தையும் செஞ்சது. உனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் தெரிஞ்சவங்களைக் கேட்டிருப்பேன். செய்யாததைச் செஞ்சேன்னு நீ சொன்னா, உன்னை நம்பினவங்க உன்னைச் சந்தேகப்பட மாட்டாங்க, தங்களைத்தான் சந்தேகப்பட்டுக்குவாங்க. தெரிஞ்சதை மட்டும் தெரியும்னு சொல்லு. மத்ததுக்குத் தெரியாதுன்னு சொல்லு. அதுல உனக்கு ஒரு குறைச்சலும் வராது, கேக்கறவங்களுக்கும் ஒரு நஷ்டமும் வராது.”